கிரேவி குறையாமல் சர்க்கரை ஏறாமல்: ஒரு சமையலறைச் சோதனைப் பதிவு

கெட்டியான குருமா, வெண்ணெய் சேர்த்த தக்காளி மசாலா, தேங்காய்ப்பால் குழம்பு ஆகியவற்றைச் சர்க்கரை நோய் வந்தவர்கள் தொடவே கூடாது என்று பலரும் சொல்கிறார்கள். காரணம் கேட்டால், எண்ணெயும் முந்திரியும் அதிகம் என்பதே பெரும்பாலும் பதிலாக வருகிறது. எண்ணெயில் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) துளியும் இல்லை. வெண்ணெயிலும் நெய்யிலும் இல்லை என்றே சொல்லிவிடலாம். அப்படியிருக்க, இந்தக் குழம்புகளைச் சாப்பிட்ட பின் மீட்டரில் எண் ஏறுவது எதனால் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் அவற்றைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் வகை நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்துவரும் நான், என் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அதைச் சமையலறைத் தராசையும் குளுக்கோமீட்டரையும் கொண்டு அளந்து பார்க்கத் தொடங்கினேன்.

மாத்திரையின் பெயரை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மெட்ஃபார்மினை மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அபாயகரமாக இறங்குவது அரிது. இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை எடுப்பவர்களும் வழக்கமான மருந்தளவை வைத்துக்கொண்டு சோற்றை மட்டும் பாதியாகக் குறைத்தால், ரத்தச் சர்க்கரை அளவு டெசிலிட்டருக்கு (100 மில்லி ரத்தத்துக்கு) 70 மி.கி.க்குக் கீழே போய் நடுக்கமும் வியர்வையும் வந்துவிடக்கூடும். அவர்கள் முதலில் மருந்தளவைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். அதன் பிறகே அடுப்பில் மாற்றம் செய்ய வேண்டும்.

அளக்கும் முறையை ஒழுங்குபடுத்தாமல் எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். சாப்பிடுவதற்குச் சற்று முன்பு ஒரு அளவு, முதல் கவளத்திலிருந்து கணக்கிட்டு 1 மணி நேரத்தில் ஒன்று, 2 மணி நேரத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டேன். பின்னர் 3, 4 மணி நேர அளவுகளையும் சேர்க்க வேண்டியதாயிற்று, அதன் காரணம் கீழே வருகிறது. ஒவ்வொரு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே விரலில் குத்த வேண்டும், ஏனெனில் பழமோ இனிப்போ தொட்ட விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையே எண்ணைக் கணிசமாக உயர்த்திக் காட்டும். ரத்தத் துளியை ஏந்தி மீட்டரில் செருகும் பட்டையான ஸ்ட்ரிப்பை எடுத்தவுடன் அதன் டப்பாவை இறுக மூடிவிட வேண்டும். ஈரம் பட்ட ஸ்ட்ரிப்பை நம்ப முடியாது. மீட்டர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15197 என்ற தர விதியின் 2013 பதிப்பு, 100 மி.கி.க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரையிலான வேறுபாட்டை அனுமதிக்கிறது. அதாவது உண்மையில் 160 இருக்கும் ரத்தத்தை, சரியாக வேலை செய்யும் மீட்டரே 140 என்றும் 180 என்றும் காட்டலாம். ஆகவே ஒரே உணவைப் பல நாட்களில் திரும்பத் திரும்பச் சாப்பிட்டுப் பார்த்து, ஒரே பக்கமாகச் சாயும் வேறுபாடுகளை மட்டுமே கணக்கில் எடுத்தேன். ஒரு நாள் 152, மறுநாள் 161 என்பதை வைத்துக்கொண்டு வெந்தயத்தைப் புகழ்வதும் வெங்காயத்தைப் பழிப்பதும் வீண்வேலை.

இலக்காக அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பொதுவாகப் பரிந்துரைக்கும் எல்லைகளையே வைத்துக்கொண்டேன்: சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 வரை, சாப்பிடத் தொடங்கிய 1 முதல் 2 மணி நேரத்துக்குள் உச்சமாக 180க்குக் கீழ். வயது, கர்ப்பம், பிற நோய்கள் ஆகியவற்றைப் பொறுத்து இந்த எல்லைகள் ஆளுக்கு ஆள் மாறும்.

முதல் சோதனை மிக எளிமையானது. முந்திரி அரைத்து ஊற்றிய, எண்ணெய் தாராளமான கோழிக் குருமாவைச் சோறும் சப்பாத்தியும் இல்லாமல் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் சாப்பிட்டேன். தொடக்கத்தில் 118 இருந்த அளவு 1 மணி நேரத்தில் 136 ஆகவும் 2 மணி நேரத்தில் 131 ஆகவும் இருந்தது. அதே குருமாவை 250 கிராம் வெந்த சோற்றுடன் சாப்பிட்ட நாட்களில் அது 190ஐத் தாண்டியது. வேறு வேறு நாட்களில் எண்கள் சற்று முன்பின்னாக இருந்தாலும் இடைவெளி மாறவில்லை. குருமாவின் மேல் சுமத்தப்பட்ட பழியில் பெரும்பகுதி அதனுடன் வந்து சேரும் சோற்றுக்கு உரியது என்பது இதிலிருந்தே தெளிவாகிவிட்டது. ஆயினும் தனியாகச் சாப்பிட்டபோதும் ஏற்றம் இருந்ததே, அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதற்காகக் குழம்பைப் பிரித்துப் பார்க்கும் வேலையில் இறங்கினேன்.

ஒரு குழம்பைக் கெட்டியாக்குவது எது என்ற கேள்விக்கு விடை கண்டால், அதிலுள்ள மாவுச்சத்தின் கணக்கும் கையோடு கிடைத்துவிடுகிறது. நான்கு பேருக்கான உணவகப் பாணித் தக்காளி மசாலாவை எடுத்துக்கொள்வோம். 300 கிராம் வெங்காயத்தில் ஏறத்தாழ 27 கிராம் மாவுச்சத்தும் சர்க்கரையும் உண்டு. 400 கிராம் தக்காளியில் 16 கிராம். 60 கிராம் முந்திரியில் 18 கிராம். கிரேவி பளபளப்பாக நிற்பதற்காகக் கரைத்து ஊற்றும் இரண்டு மேசைக்கரண்டி சோள மாவில் 14 கிராம். புளிப்பைத் தணிக்கச் சேர்க்கும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையில் 8 கிராம். மொத்தம் 83, ஆளுக்கு 21 கிராம் அளவில் வருகிறது. இவற்றுள் வெங்காயமும் தக்காளியும் குழம்பின் உடல். அவற்றை முழுவதும் எடுத்துவிட்டால் குழம்பே இல்லை. சோள மாவும் சர்க்கரையும் அப்படியல்ல, அவை வேலையைச் சீக்கிரம் முடிப்பதற்காகச் சேர்க்கப்படுபவை. சிலர் குருமாவில் சேர்க்கும் பொட்டுக்கடலையும் ஓரளவுக்கு இந்தக் கணக்கில் அடங்கும். அதில் பாதிக்கு மேல் மாவுச்சத்து, ஆனால் புரதமும் நார்ச்சத்தும் கூட இருப்பதால் சோள மாவு அளவுக்கு அதைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

சோள மாவை நீக்கியவுடன் கிரேவி நீர்த்துப்போயிற்று. அதைச் சரிசெய்வதற்குப் பல வழிகளைப் பார்த்ததில், மிகப் பயனுள்ளதாக அமைந்தது எந்தப் பொருளையும் சேர்க்காத வழிதான்: வெங்காய, தக்காளி விழுதை எண்ணெய் பிரிந்து ஓரங்களில் நிற்கும்வரை பொறுமையாகச் சுண்டவிடுவது. பச்சை வாசனை போனவுடன் தண்ணீரை ஊற்றிவிடும் பழக்கம் இருப்பதால்தான் பிறகு மாவு தேவைப்படுகிறது. அகலமான வாணலியில், மிதமான தீயில், விழுது ஒட்டத் தொடங்கும்போதெல்லாம் ஒரு கரண்டி வெந்நீர் தெளித்துக் கிளறிக்கொண்டே இருந்தால் கால் மணியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் அது அல்வாப் பதத்துக்கு வந்துவிடும். தக்காளியின் கூர்மையான புளிப்பும் இந்தச் சுண்டுதலில் அடங்கிப்போவதால் சர்க்கரைக்கும் வேலை இல்லாமல் போகிறது. மீதமிருக்கும் புளிப்புக்குச் சிறிது வெண்ணெயும், கையில் கசக்கிய உலர்ந்த வெந்தயக்கீரையும், இறுதியில் ஒரு சிட்டிகை உப்பும் போதுமானவை.

அடுத்தது முந்திரி. 100 கிராம் முந்திரியில் 30 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, அதில் நார்ச்சத்து 3 கிராம் மட்டுமே. பாதாமில் 22 கிராம் இருந்தாலும் 12 கிராம் நார்ச்சத்தாகக் கழிந்துவிடுகிறது. பாதாமை மட்டும் அரைத்து ஊற்றிய குருமா என் நாக்குக்கு நறநறவென்று பட்டது, முந்திரி தரும் வழவழப்பு வரவில்லை. பாதியும் பாதியுமாகச் சேர்த்து, பாதாமை வெந்நீரில் ஊறவைத்துத் தோலுரித்து, முந்திரியுடன் வெதுவெதுப்பான நீர்விட்டு மை போல அரைத்தபோது வேறுபாடு தெரியவில்லை. வேகவைத்த காலிஃபிளவரில் ஒரு கைப்பிடியை இந்த விழுதுடன் அரைத்தால் முந்திரியை மேலும் குறைக்கலாம். வெள்ளைக் குருமாவில் இது நன்றாக ஒளிந்துகொள்கிறது, தக்காளி மசாலாவில் மட்டும் முட்டைக்கோஸ் சாயலில் ஒரு வாடை எட்டிப்பார்க்கிறது. வெங்காயத்தை 200 கிராமாகக் குறைத்து, சோள மாவையும் சர்க்கரையையும் நீக்கி, முந்திரியில் பாதியைப் பாதாமாக மாற்றிய பிறகு ஆளுக்கு 12 கிராம் அளவுக்கு வந்து நின்றது.

தயிர் சேர்க்கும் குழம்புகளில் மாவுக்கு வேறொரு வேலை உண்டு. தயிர் திரியாமல் அது காக்கிறது. கடலை மாவைக் கரைக்காமலே அதைச் சாதிக்க முடியும், ஆனால் அவசரம் கூடாது. முழுக் கொழுப்புள்ள, புளிக்காத தயிரை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து நன்றாகக் கடைந்து, அதில் முதலில் இரண்டு கரண்டி சூடான மசாலாவைக் கலந்து வெதுவெதுப்பாக்கி, அடுப்பைத் தணித்த பின்பு ஒரே பக்கமாகக் கிளறிக்கொண்டே ஊற்ற வேண்டும். கொதி வருவதற்கு முன் இறக்கி, அதன் பிறகே உப்பைச் சேர்க்கிறேன். கொழுப்பு நீக்கிய தயிர் இந்த முறைக்கு ஒத்துவராது. கொழுப்பு குறையக் குறைய அது எளிதில் திரிந்துவிடுகிறது. தேங்காய்ப்பாலும் இப்படித்தான்: இரண்டாம் பாலில் காய்கறியை வேகவைத்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்கினால் கெட்டியாகவும் பிரியாமலும் நிற்கும்.

இவ்வளவு வேலையும் ஆளுக்கு 9 கிராம் மாவுச்சத்தைத்தான் குறைத்தது. வெந்த சோற்றில் 100 கிராமுக்கு 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. சோள மாவை நீக்கிச் சேமித்த அனைத்தையும் கூடுதலாக விழும் அரைக் கரண்டிச் சோறு விழுங்கிவிடும். எனவே குழம்பில் செய்த திருத்தம் தேவைதான் என்றாலும், தட்டில் செய்ய வேண்டிய திருத்தம் அதைவிடப் பல மடங்கு பெரியது. 250 கிராம் சோற்றை 120 கிராமாக்கினால் ஒரே அடியில் 36 கிராம் குறைகிறது. 120 கிராமைத் தராசில் வைத்துப் பார்த்தபோது அது பரிதாபமாகத்தான் தெரிந்தது. அத்துடன் வயிறும் மனமும் நிறைய வேண்டுமென்றால் மீதி இடத்தைக் குழம்பும் அதிலுள்ள துண்டுகளுமே நிரப்பியாக வேண்டும்.

அங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒரு தடை குறுக்கிட்டது. நாம் வைக்கும் குழம்புகளின் உப்பும் காரமும் புளிப்பும் சோற்றில் பிசைந்து சாப்பிடுவதற்கென்றே கணக்கிடப்பட்டவை. அவற்றைத் தனியாகக் கிண்ணத்தில் சாப்பிட்டால் நாக்கு தானாகவே இன்னும் கொஞ்சம் சோற்றைக் கேட்கும். உப்பை வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, மிளகாயையும் அதற்கேற்பத் தணித்து, மணத்துக்காக மல்லி, சீரகம், சோம்பு, பட்டை ஆகியவற்றைச் சற்றுக் கூட்டியபோது, குழம்பு தானே ஒரு முழு உணவாகச் சாப்பிடக்கூடியதாக மாறியது. இந்தப் பதிவிலுள்ள அனைத்திலும் எனக்கு மிகவும் உதவியது இந்த ஒரு மாற்றம்தான். குழம்பின் பதமும் இதற்குத் துணைசெய்கிறது: நீர்த்த குழம்பு தட்டில் ஓடுவதால் அதை உறிஞ்சுவதற்குச் சோறு தேவைப்படுகிறது, துண்டுகளின் மேல் பூசினாற்போல ஒட்டும் குழம்புக்கு அது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

சாப்பிடும் வரிசையையும் மாற்றினேன். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால் ஏற்றம் குறைகிறது என்று இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நார்ச்சத்தும் புரதமும் கொழுப்பும் முன்னதாகச் சென்று, இரைப்பை காலியாகும் வேகத்தைத் தணிப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஒரு கிண்ணம் காயும் குழம்பிலுள்ள துண்டுகளில் பெரும்பகுதியும் முடிந்த பிறகு சோற்றைத் தட்டில் போட்டுக்கொள்கிறேன். அந்த நேரத்தில் பசி பாதி அடங்கியிருப்பதால் 120 கிராம் சோறு முன்போல் பரிதாபமாகத் தோன்றுவதில்லை.

இனி, 3, 4 மணி நேர அளவுகளுக்கு வருகிறேன். முதல் சோதனையில் எடுத்த அதே 250 கிராம் சோற்றைத் தெளிவான ரசத்துடன் சாப்பிட்டபோது 1 மணி நேரத்தில் 214 வரை ஏறி, 2 மணி நேரத்தில் 171க்கும் 3 மணி நேரத்தில் 132க்கும் இறங்கியது. கொழுப்பு மிகுந்த குருமாவுடன் சாப்பிட்டபோது உச்சம் 196தான். ஆனால் 2 மணி நேரத்தில் 178, 3 மணி நேரத்தில் 184, 4 மணி நேரத்திலும் 161 என்று நின்றுகொண்டே இருந்தது. கொழுப்பு, மாவுச்சத்தை இரைப்பையில் பிடித்துவைத்து மெதுவாகக் கீழே அனுப்புகிறது. ஏற்றத்தின் உயரம் குறைகிறது, அது நீடிக்கும் நேரம் கூடுகிறது. 1 மணி நேர அளவை மட்டும் பார்ப்பவர், வெண்ணெய் சேர்த்தால் சர்க்கரை ஏறவில்லை என்று மகிழ்ந்துபோய் இன்னும் ஒரு கரண்டி ஊற்றிக்கொள்ளக்கூடும். இரவு 9 மணிக்கு இத்தகைய உணவைச் சாப்பிட்டால் அந்த நீண்ட வால் தூக்கத்துக்குள் செல்கிறது; மறுநாள் வெறும் வயிற்று அளவிலும் அதன் சாயல் எனக்குத் தெரிந்தது. அதனால் கெட்டிக் குழம்புகளை மதிய உணவுக்கு மாற்றி, இரவில் சமைக்க நேர்ந்தால் சோற்றை இன்னும் குறைத்துக்கொள்கிறேன். வெந்த 120 கிராம் சோறு, உப்பு தணித்த குருமா, காய் முதலில் என்ற ஏற்பாட்டில் 1 மணி நேர அளவு பெரும்பாலும் 150க்கும் 165க்கும் இடையில் இருக்கிறது; 3 மணி நேரத்தில் 130ஐ ஒட்டி வந்துவிடுகிறது.

சாப்பிட்டு முடித்துக் கால் மணி நேரம் நடந்த நாட்களில் அதிலும் 20 அளவுக்குக் குறைந்தது. வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும் என்பதால், எண் ஏறிக்கொண்டிருக்கும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் நடப்பதில்தான் பயன் அதிகம். பாத்திரம் துலக்குவதும் சமையலறையைத் துடைப்பதும்கூட உட்கார்ந்திருப்பதைவிட மேல்.

சோற்றை ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைத்துச் சூடாக்கிச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்ற பேச்சையும் சோதித்தேன். ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி, செரிமானத்துக்கு எளிதில் உடன்படாத வடிவத்துக்கு மாறுவது உண்மை. ஆனால் அந்த அதிகரிப்பு 100 கிராம் சோற்றுக்கு ஏறத்தாழ 1 கிராம்தான். என் மீட்டரின் பிழைக்குள் அது காணாமற்போயிற்று. மேலும் வெந்த சோற்றை வெளியிலேயே நெடுநேரம் விட்டுவைத்தால் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகி நச்சை உண்டாக்கும், திரும்பச் சூடாக்குவதால் அந்த நச்சு அழியாது. ஆறவைப்பதானால் பரப்பி விரைவாக ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்துவிட வேண்டும். மீந்த சோற்றை வீணாக்காமல் இருப்பதற்கு இது நல்ல வழி. சர்க்கரைக்காக இந்தச் சிரமத்தைப் படுவது தேவையில்லை என்பது என் எண்ணம்.

மீட்டர் காட்டாத ஒரு கணக்கும் இருக்கிறது. கெட்டியான தேங்காய்ப்பால் 100 மில்லியில் 20 கிராம் அளவுக்கு நிறைவுற்ற கொழுப்பு உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இந்தக் கொழுப்பை வைத்துக்கொள்ளச் சொல்கிறது. 1800 கலோரி சாப்பிடுபவருக்கு அது 20 கிராம்தான். நீரிழிவு உள்ளவர்களுக்கு இதயநோய் அபாயம் ஏற்கெனவே அதிகம் என்பதால், சர்க்கரை ஏறவில்லை என்பதை மட்டும் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. தேங்காய்ப்பால் குழம்பு வைக்கும் நாளில் நெய், வெண்ணெய், பாலாடை எதையும் தொடுவதில்லை. பிற நாட்களில் குருமாவுக்கு வழவழப்பைப் பாதாம், நிலக்கடலை விழுதுகளிலிருந்து எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அவற்றின் கொழுப்பு பெரும்பாலும் நிறைவுறாத வகையைச் சேர்ந்தது. கொலஸ்ட்ரால் பரிசோதனையையும் சர்க்கரைப் பரிசோதனையுடன் சேர்த்தே எடுக்கிறேன்.

துண்டுகளுக்குக் கோழி, மீன், முட்டை, பனீர், காளான் எல்லாமே ஒத்துவருகின்றன; உருளைக்கிழங்கு போட்ட குருமாவுக்கு மட்டும் சோற்றின் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும், 100 கிராம் கிழங்கில் 17 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கொண்டைக்கடலை மசாலா இவற்றுள் தனி இனம். வெந்த கடலை 100 கிராமில் 27 கிராம் மாவுச்சத்து இருந்து, எண்ணளவில் சோற்றுக்கு இணையாக நின்றாலும், நார்ச்சத்தும் புரதமும் அதனுள் பின்னிக்கிடப்பதால் ஏற்றம் மிக மெதுவாகவே நிகழ்கிறது. ஆகையால் கடலை மசாலா சமைக்கும் நாளில் சோற்றை முழுவதும் விட்டுவிட்டு, கடலையையே சோறாகக் கருதி ஒரு பெரிய கிண்ணம் சாப்பிடுகிறேன். இந்த மசாலாவைக் கெட்டியாக்குவதற்கும் வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை. வெந்த கடலையில் ஒரு கரண்டியை மசித்து அதே பாத்திரத்தில் போட்டால் போதும்.

வெளியில் சாப்பிடும்போது இந்தக் கணக்கெல்லாம் கைக்கு எட்டுவதில்லை. சோள மாவோ சர்க்கரையோ சேர்த்திருக்கிறீர்களா என்று கேட்டால் சில இடங்களில் நேர்மையான பதில் கிடைக்கிறது. கிடைக்காத இடங்களில், பளபளவென்று கண்ணாடி போல நிற்கும் கிரேவியையும், தக்காளி மசாலாவில் முதல் வாயிலேயே தெரியும் இனிப்பையும் அடையாளமாகக் கொண்டு, துண்டுகளை எடுத்துக்கொண்டு கிரேவியில் பாதியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுகிறேன். சோற்றையோ ரொட்டியையோ குழம்போடு சேர்த்துக் கொண்டுவர வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவதும் உதவுகிறது. மேசைக்கு வந்துவிட்ட பிறகு அளவாகச் சாப்பிடுவது எனக்கு இன்னும் கைவரவில்லை.